அத்தானின் ஏழாம் நம்பர் அயர்ன்

கோல்ஃப் ஆடுகிற மனிதரிடம் வயதைக் கேட்கலாம், கூச்சப்படாமல் சொல்வார். சர்க்கரை அளவைக் கேட்கலாம். சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டையே எடுத்து நீட்டுவார். ஏழாம் நம்பர் அயர்னால், அதாவது இரும்புத் தலை வைத்த கோலால், பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பார், மோவாயைத் தடவுவார், அப்புறம் ஒரு எண்ணைச் சொல்வார். அதில் பதினைந்து கஜத்தைக் கழித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும் என்பது டிகிரிக்குத் தொழிலில் கிடைத்த முதல் ஞானம்.

டிகிரி என்பது பட்டப்பெயர். கல்லூரியில் நான்கு வருஷம் உட்கார்ந்தும் வாங்க முடியாத டிகிரி, கோல்ஃப் கடையில் சேர்ந்த ஆறாம் மாதமே அவனுக்குக் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் முப்பது டிகிரி, முப்பத்திநாலு டிகிரி என்று அயர்ன்களின் முகச் சாய்வைப் பற்றித்தான் பேசுவான். சாய்வு கூடினால் பந்து மேலே போகும், குறைந்தால் முன்னால் போகும். உலகத்தில் இதைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தெளிவாகப் புரிந்ததில்லை.

கடை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. பின்பக்கம் வலை கட்டிய ஒரு கூடம். கீழே பச்சைப் பாய், எதிரே வெள்ளைத் திரை, பாய்க்குப் பின்னால் செங்கல் அளவில் ஒரு ராடார் பெட்டி. பாயில் நின்று அடித்தால் பந்து திரையில் மோதிப் பொத்தென்று விழும். திரைக்குள் மட்டும் ஒரு பொய்ப் பந்து பொய் வானத்தில் பறந்து பொய்ப் புல்லில் இறங்கும். ஓரத்தில் வருகிற எண்கள் மட்டும் நிஜம். வேகம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, தூரம் இவ்வளவு.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சுவரில் மேல் வரிசையில் இருக்கும் மெல்லிய அயர்னைத்தான் கையில் எடுப்பார்கள். கத்தி மாதிரி இருக்கும், பளபளக்கும். அதன் முகத்தின் நடுப்புள்ளியில் பந்து சரியாகப் பட்டால் சுகம். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மின்சாரம் ஓடும், பந்து இருபது கஜம் முன்னாலேயே படுத்துக்கொள்ளும். கீழ் வரிசையில் இருப்பவை பிழை பொறுக்கிற அயர்ன்கள். முதுகு குடைந்திருக்கும், எடையெல்லாம் ஓரத்துக்குப் போயிருக்கும், அடிப்பாகம் அகலமாக இருக்கும், தள்ளிப் பட்டாலும் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வேண்டியது அதுதான். ஆனால் அதைச் சொன்னால் முகம் தொங்கிவிடும். அதனால் டிகிரி அவற்றை “புது மாடல்” என்று மட்டும் சொல்வான். ஒன்பது பேரும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அத்தானுக்கு இந்தத் தந்திரமெல்லாம் தேவைப்படவில்லை. அவர் முதல் நாளே கீழ் வரிசைக்குப் போய் நின்றவர்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலுள்ள தராசுகளுக்கெல்லாம் அவர் நடை தெரியும். கடையில் வாங்கிய பொட்டலத்தை இடது கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏழு கிராம் குறையுது” என்பார். அக்கா சமையலறைத் தராசில் வைப்பாள். ஏழு குறையும். அக்கா நூலகத்தில் வேலை பார்ப்பவள். ஆச்சரியப்படுவதை எல்லாம் கல்யாணமான முதல் வருஷத்தோடு நிறுத்திவிட்டவள்.

டிகிரி கோல்ஃப் கடையில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். “பந்து பொறுக்கற வேலையா?” என்று சித்தப்பா கேட்டார். சித்தி, “பாவம், அவனுக்கு ஏத்த வேலை கிடைச்சிருக்கு, விடுங்க” என்று ஆறுதல் சொன்னாள். அத்தான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆபீஸ் ஷூவும் இன் பண்ணிய சட்டையுமாகக் கடைக்குள் வந்து நின்றார்.

“மச்சான், எனக்கு ஒரு செட்டு எடு.”

“அத்தான், நீங்க கோல்ஃப் ஆடுவீங்களா?”

“இனிமே ஆடுவேன். எடு.”

அவர்தான் டிகிரியின் முதல் வாடிக்கையாளர். அதற்கப்புறம் பதினொரு வருஷமாக ஞாயிறு பத்து மணி அவருடையது. வாங்கியதற்காக ஆட ஆரம்பித்தவர், ஆடியதில் பைத்தியமாகிவிட்டார். அவருடைய ஏழாம் நம்பர் நூற்று நாற்பது கஜம் போனது. அத்தான் சொல்லும் எண்ணில் மட்டும் பதினைந்து கழிக்க வேண்டியதில்லை. நூற்று நாற்பது என்றால் நூற்று நாற்பதுதான். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயம் பரண்மேல் போய்விட்டது. நூற்று நாற்பது நாக்கு நுனியிலேயே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஸ்விங்கின், அதாவது கோலை வீசும் வீச்சின், வேகம் மணிக்கு எழுபத்தெட்டு மைலிலிருந்து எழுபத்தொன்றுக்கு இறங்கியது. டிகிரி அதில் எந்த அதிசயத்தையும் காணவில்லை. வயது ஐம்பத்தொன்பது; எல்லாருக்கும் இறங்குவதுதான். அத்தானை அரை மணி நேரம் அடிக்கவிட்டான், அயர்னின் முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டிப் பந்து எங்கே படுகிறது என்று பார்த்தான், லேசான தண்டு, இன்னும் அகலமான அடிப்பாகம், முகச் சாய்வு கொஞ்சம் குறைந்த புதிய செட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். நேர்மையான வேலை. ஏழாம் நம்பர் மறுபடியும் நூற்று நாற்பதுக்குப் போனது.

“பார்த்தியா, எனக்கு ஒண்ணுமில்லை. பழைய இரும்புதான் சரியில்லை” என்றார் அத்தான்.

அடுத்த வருஷம் வேகம் அறுபத்துநாலு. இந்தத் தடவை ஸ்டிக்கரில் அடையாளங்கள் ஓரிடத்தில் இல்லை, அம்மை போட்ட மாதிரி முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. கை உச்சிக்குப் போகும்போது இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் தாமாகத் திறந்துகொண்டதை டிகிரி பார்த்தான். திரையில் நூற்றுப் பதினெட்டு என்று வந்தது. அத்தான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கடைக்காரர் தன் தராசில் சீல் விழுவதைப் பார்ப்பது போல இருந்தது அவர் பார்வை.

“மச்சான், மெஷின் ரிப்பேரா?”

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. டிகிரியின் வாயில் வேறு வந்தது.

“ஆமா அத்தான். காலைலேர்ந்தே கொஞ்சம் தகராறு பண்ணுது.”

அத்தான் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. டிகிரிக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

அந்த வாரம் அத்தானின் அயர்ன்களை உள்ளே கொண்டுபோய், இடுக்கியில் மாட்டி, நீளமான கம்பியைக் கோத்து, கழுத்துப் பக்கம் இரண்டிரண்டு டிகிரி வளைத்தான். மேலே ஏழு என்று எழுதியிருக்கும். உள்ளே அது கிட்டத்தட்ட ஆறாம் நம்பர்; நம்பர் குறைந்தால் தூரம் கூடும். அடுத்த ஞாயிறு நூற்று இருபத்தைந்து வந்தது. போதவில்லை. இதற்கு மேல் வளைத்தால் இரும்பு உடையும். ராடார் பெட்டிக்கு ஒரு செட்டிங் உண்டு: விளையாடுகிற இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், தரை ஈரமா காய்ந்ததா என்று அதனிடம் சொல்லலாம். உயரமான இடத்தில் காற்று மெலிசு, பந்து கூடப் பறக்கும். காய்ந்த தரையில் கூட உருளும்.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு டிகிரி அந்தக் கடையைத் தரையிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்துக்குத் தூக்கி வைத்தான். பக்கத்துக் கண்ணாடிக் கடையும் டயர் கடையும் கீழேயே இருந்தன. தரைக்கு மூன்று மாதம் மழை பெய்யாமல் பார்த்துக்கொண்டான். அத்தான் அடித்தார். பந்து மலைக்காற்றில் போய், சிமென்ட் மாதிரி காய்ந்த புல்லில் விழுந்து, ஓடி, ஓடி, நூற்று முப்பத்தெட்டில் நின்றது.

“ரெண்டு குறையுது” என்றார் அத்தான். ஆனால் சிரித்தார்.

பதினொரு மணிக்கு அவர் கிளம்பியதும் டிகிரி கடையைப் பத்திரமாகக் கீழே இறக்கினான். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஏற்றம், ஒவ்வொரு ஞாயிறும் இறக்கம். அத்தானின் வேகம் குறையக் குறைய மலை இன்னும் உயர்ந்தது. வெளியே மைதானத்தில் ஆடிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் மைதானத்துக்குப் போவதை அத்தானே நிறுத்தியிருந்தார். “மேடு பள்ளத்துல கால் கொஞ்சம் தடுமாறுது. அதோட வெயில் வேற” என்றார். வெயில் என்ற பாதியை மட்டும் டிகிரி காதில் வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அக்காவுக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தானுக்குச் சட்டைப் பட்டன் போட நேரமானது. அப்புறம் மேல் பட்டன் மட்டும் அக்கா போட்டுவிட்டாள். அப்புறம் எல்லாப் பட்டனும். கையெழுத்து கோணிக்கொண்டு போனது. வங்கியில் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். கையிலிருந்து டம்ளர் வழுக்கியது.

ஒரு நாள் மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கப் போக, அக்கா சொன்னாள், “இருங்க, நான் எடுக்கறேன். எத்தனை தடவை சொல்றேன், ஒரு டாக்டரைப் பார்க்கலாம்னு.”

“எதுக்கு? ஸ்பூன் விழுந்ததுக்கா? அதுக்கு ஸ்பெஷலிஸ்ட் யாரு?”

“விளையாடாதீங்க. கையில பலமே இல்லை உங்களுக்கு.”

“பலம் இல்லையா? பலம் இல்லாமயா ஏழாம் நம்பர் நூத்தி முப்பத்தெட்டு போகுது? மெஷின் பொய் சொல்லுமா? அறுபத்தொரு வயசுல என் வயசுக்காரன் எவனாவது அடிக்கட்டும் பார்க்கலாம்.”

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுடா. வாராவாரம் நீதானே பக்கத்துல நின்னு பார்க்கறே. அவர் கை எப்படி இருக்கு?”

டிகிரி வாயில் இருந்ததை மென்று முடித்தான். அது மெல்ல வேண்டிய அளவுக்கு அதிகமாகவே மெல்லப்பட்டது. அந்த வாரம் வேகம் ஐம்பத்தேழு. செட்டிங் இல்லாமல் பார்த்தால் தூரம் தொண்ணூற்றைந்து.

“நல்லாத்தான்க்கா இருக்கு” என்றான்.

அத்தான் வெற்றியோடு தண்ணீர் குடித்தார், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு.

எட்டு மாதம் கழித்து அவர் குளியலறையில் விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் விழுந்ததற்குக் காரணம் தேடிப் போன ஸ்கேன், கழுத்தில் போய் நின்றது. நரம்பு அறுவை சிகிச்சை டாக்டர், அத்தானின் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண், படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். கழுத்தெலும்புக்கு நடுவே இறங்கும் தண்டுவடம் ஓரிடத்தில் குழாயை மிதித்த மாதிரி நசுங்கியிருந்தது.

“இங்க நெருக்குது சார். கையில பலம் குறையறது, நடை தடுமாறுறது எல்லாம் இதனாலதான். எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

“மூணு மாசமா இருக்கும்” என்றார் அத்தான்.

“என்னங்க, மூணு மாசமா?” என்றாள் அக்கா.

“சரி, நாலு.”

“சட்டைப் பட்டன் நான் போட ஆரம்பிச்சே ஒரு வருஷம் ஆச்சு டாக்டர்.”

“அது உனக்கு என்மேல இருக்கற பிரியம். அதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டு.” அத்தான் டாக்டரைப் பார்த்தார். “போன மாசம் வரைக்கும் கோல்ஃப் ஆடியிருக்கேன்மா. தூரம் ஒரு கஜம் குறையலை. கையில பலம் போயிருந்தா அது முடியுமா? கேளு, இதோ என் மச்சான், இவன் கடையிலதான் அளக்கறது.”

டாக்டர் டிகிரியைப் பார்க்கவில்லை, தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். “தெரிஞ்சா நல்லது சார். புதுசா வந்ததுன்னா, கழுத்துக்குக் காலர் போட்டுக் கொஞ்ச நாள் பார்க்கலாம். வருஷக்கணக்கா இறங்கிட்டே வருதுன்னா காத்திருக்கக் கூடாது, இந்த வாரமே ஆபரேஷன் பண்ணணும். பண்ணினா இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பி வரும்ங்கறது, எவ்வளவு சீக்கிரம் வந்தீங்கங்கறதைப் பொறுத்தது.”

“அப்ப காலரே போதும்” என்றார் அத்தான், கல்யாணத் தேதி முடிவு செய்கிற குரலில். “மூணு மாசம்தான்.”

டிகிரி, “ஒரு நிமிஷம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து கடைக்குப் போனான்.

கடையில் எல்லாருடைய கணக்கும் தேதி போட்டு இருக்கும். தூரத்தை மலை மாற்றலாம், மழை மாற்றலாம். கை எவ்வளவு வேகமாக வீசியது என்பதை எந்தச் செட்டிங்காலும் மாற்ற முடியாது. அத்தான் பெயரைத் தட்டியதும் மூன்று வருஷத்து ஞாயிறுகள் வரிசையாக வந்து நின்றன. எழுபத்தெட்டு. எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. அறுபத்துநாலு. அறுபது. ஐம்பத்தேழு. ஐம்பத்திரண்டு. படிக்கட்டில் ஒரு மனிதர் இறங்கிப் போவதைப் பின்னாலிருந்து பார்ப்பது போல. அத்தானுடைய காலர் கதை நடக்கட்டும் என்று விட்டுவிடலாம். இந்தக் கணக்கு இருப்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரின்டர் மையில்லை என்று சொல்லும் என்று ஒரு கணம் நம்பினான். தினமும் தகராறு பண்ணுகிற பிரின்டர் அன்றைக்கு மட்டும் சமர்த்தாக நாலு தாளையும் கக்கியது.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே அத்தானுக்குக் கழுத்தளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கடா போனே? இது என்ன?”

“அத்தானோட ஸ்விங் ரிப்போர்ட்.”

“இப்ப அதுவாடா முக்கியம்?”

“வேகம்னு இருக்கற வரிசையை மட்டும் பாருக்கா.”

அக்கா வேகத்தைப் பார்க்கவில்லை. நூலகத்துக்காரி, அவள் கண் முதலில் போனது தேதிக்கு. மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். மறுபடியும் மேலே போனாள். இரண்டாம் தாளில் ஒரு தேதியின் மேல் விரல் நின்றது.

“இது நாம சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப ஸ்பூன் விழுந்ததே, அந்த வாரம்.”

“ஆமா.”

“நான் உன்கிட்ட கேட்டேன்.”

“ஆமாக்கா.”

“பக்கத்துல உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.”

டிகிரி மலையைப் பற்றிச் சொன்னான். வளைத்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அதிலிருந்த வேடிக்கையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. வாரா வாரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்ட விஷயம், அந்த நடையில், மருந்து வாடையில், ஒரு திருட்டைப் போலவே கேட்டது.

“அவர் முகம் வாடிப்போச்சுக்கா. அதைப் பார்க்க முடியாம...”

“நான் மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேனா?” என்றாள் அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் டிகிரிக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி நேராக்கினாள், புத்தகம் அடுக்குகிற பழக்கத்தில். எழுந்து டாக்டர் அறைக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது. அவள் அவனோடு நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சாக அது வெகுநாள் இருக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது.

டாக்டர் நாலு தாளையும் படித்தாள். இவ்வளவு ஒழுங்கான நோயாளிக் கணக்கை வேறு யாரும் கொண்டுவந்ததில்லை என்றாள். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று குறித்தாள்.

புதன்கிழமை மாலை அத்தானைப் பார்க்க டிகிரி போனான். கழுத்தில் வெள்ளைக் காலரோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். தாள்கள் மேஜைமேல் இருந்தன. அக்கா அவனைப் பார்த்ததும், “தண்ணி பிடிச்சுட்டு வரேங்க” என்று நிரம்பிய பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“மச்சான்.”

“சொல்லுங்க அத்தான்.”

“அந்த நூத்தி முப்பத்தெட்டு.”

டிகிரி தரையைப் பார்த்தான். தரை சுத்தமாக இருந்தது.

“அதுல நிஜம் எவ்வளவு?”

“தொண்ணூத்தஞ்சு.”

அத்தான் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. “நாப்பத்திமூணு கூடுதல். நூத்துக்கு நாப்பத்தஞ்சு.” கண்ணை மட்டும் மேஜைமேல் இருந்த தாள்களுக்குத் திருப்பினார். “முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு மோசமான தராசை நான் பார்த்ததில்லை மச்சான்.”

டிகிரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“கிலோவுக்கு அம்பது கிராம் குறைச்சவனுக்கெல்லாம் சீல் வச்சேன். அவனெல்லாம் அழுதான். பிள்ளை குட்டி இருக்குதுன்னான். நான் கேக்கலை.” ஜன்னல் பக்கம் திரும்பப் பார்த்தார், காலர் விடவில்லை. அதனால் நேராகவே பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் உன் எண்ணை வச்சுக்கிட்டு உங்க அக்கா வாயை அடைச்சேன்டா. ரெண்டு வருஷம்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதாவது டாக்டர் சொன்னபடியே முடிந்தது: இறங்குவது நின்றது, போனது போனதுதான். வலது கை ஓரளவு தேறியது. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் அப்படியே இருந்தன. பட்டனை அக்காதான் போட்டாள். அத்தான் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். “ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா” என்று டாக்டர் ஒரு தடவை ஆரம்பித்து, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ மாத்திரையைப் பற்றிப் பேசினாள்.

டிகிரி ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போவான். அக்கா கதவைத் திறப்பாள். “உங்க மச்சான் வந்திருக்காரு” என்று உள்ளே பார்த்துச் சொல்வாள். அவனுக்கும் தட்டு வைப்பாள், பரிமாறுவாள். “வேணுமான்னு கேளுங்க” என்று கணவரிடம் சொல்வாள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தப் பக்கம் வழியாகத்தான் சேதி வரும். டேய் என்று ஒரு தடவை கூப்பிட்டுத் திட்ட மாட்டாளா என்று அவன் ஏங்கினான். ‘வந்திருக்காரு’தான் வந்தது.

ஒன்பது மாதம் கழித்து டாக்டர் சொன்னாள்: அரை ஸ்விங் போடலாம், லேசான கிளப், மெதுவாக, கைக்கும் நல்லது. அந்த ஞாயிறு பத்து மணிக்கு அக்காவின் கார் கடை வாசலில் நின்றது. அவள் இறங்கவில்லை. “ஒரு மணி நேரத்துல வரேங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

கடையில் அன்றைக்கு இன்னொருவர் இருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பேருந்து ஓட்டுநர், முதல் தடவையாக செட் வாங்க வந்து, தன் முறைக்காக நாற்காலியில் காத்திருந்தார். டிகிரி அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அத்தானைக் கூடத்துக்குக் கூட்டிப் போனான்.

அவனுக்கு இருந்த திறமையையெல்லாம் அன்று இறக்கினான். இடது கை முழுக்கப் பிடிக்காது, அதனால் தடிமனான கிரிப். விரலை மூடாமலே உள்ளங்கையில் உட்காரும். கடையிலேயே லேசான தண்டு. வேகம் இல்லாத கைக்குச் சாய்வு குறைந்த இரும்பு எமன், பந்து எழும்பவே எழும்பாது. அதனால் ஏழாம் நம்பருக்கு முழுசாக முப்பத்திநாலு டிகிரி. ஓடத்தின் அடி மாதிரி அகலமான அடிப்பாகம், பாயில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். முகத்தில் எங்கே பட்டாலும் பந்து நேராகப் போகும். பதினொரு வருஷத்தில் அவன் யாருக்கும் இவ்வளவு பொருத்தமாக ஒரு அயர்ன் தேர்ந்தெடுத்ததில்லை.

“முப்பத்திநாலுதான் அத்தான்.”

“அளந்து காட்டு.”

டிகிரி கோணமானியில் மாட்டிக் காட்டினான். அத்தான் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, முள் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார். பெட்டியின் செட்டிங்கையும் திறந்து காட்டச் சொன்னார். உயரம் பூஜ்யம் என்று இருந்தது. தரை சாதாரணம் என்று இருந்தது. இரண்டையும் வாய்விட்டுப் படித்தார்.

பிறகு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை அகட்டி நின்று, இடுப்பளவு மட்டும் கையைத் தூக்கி அடித்தார். சத்தம் நன்றாக இருந்தது. பந்து எழும்பியது. அழகாகவே எழும்பியது, திரையில் நேராகப் போய் இறங்கியது.

“எவ்வளவு?”

“அறுபத்தெட்டு அத்தான்.” டிகிரி திரையைக் காட்டினான். “நல்லா அடிச்சீங்க. நிஜமா.”

அத்தான் திரையைப் பார்த்தார். அறுபத்தெட்டு என்றுதான் அங்கே இருந்தது. டிகிரியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“இதுல எவ்வளவு கூட்டியிருக்கே?”

“எதுவும் கூட்டலை அத்தான். இப்பதானே எல்லாத்தையும் திறந்து காட்டினேன்.”

“காட்டினே.” அத்தான் தலையாட்டினார். கோபமில்லை, ஒரு கடையில் நுழைந்த முதல் நிமிஷத்தில் ஆய்வாளர்களுக்கு வருகிற நிதானம் அது. “காட்டினது எல்லாம் சரியாத்தான் இருக்கு. எல்லாக் கடையிலயும் காட்டறது சரியாத்தான் இருக்கும்.”

“அத்தான், உங்க மேல சத்தியமா...”

“சத்தியமெல்லாம் எதுக்கு? நீ அந்தப் பக்கம் போய் நில்லு மச்சான். தராசுக்காரன் படிக்கக் கூடாது.”

பிறகு வெளியே திரும்பி, “சார், கொஞ்சம் வர முடியுமா?” என்று பேருந்து ஓட்டுநரைக் கூப்பிட்டார். அவர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார். “உங்களுக்கு இந்தக் கடைக்காரரை முன்னாடி தெரியுமா?”

“இல்லைங்க, இன்னைக்குத்தான் வரேன்.”

“நல்லது. நான் ஒண்ணு அடிக்கறேன். இந்த ஓரத்துல ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சத்தமா படிங்க.”

டிகிரி வலைக்குப் பக்கத்தில் சுவரோரம் போய் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டான். அது திமிராகத் தெரியுமோ என்று அவிழ்த்துத் தொங்கவிட்டான். அங்கிருந்து பார்த்தால் திரை தெரியாது. அத்தானின் முதுகு மட்டும் தெரிந்தது, சட்டைக் காலருக்கு மேலே தையல் போட்ட கோடும்.

பந்து திரையில் மோதி விழுந்தது.

“எழுபத்தொண்ணுங்க” என்றார் ஓட்டுநர்.

“எழுபத்தொண்ணா? சரியாப் பார்த்தீங்களா?”

“நல்லாத் தெரியுதுங்க. ஏழு, ஒண்ணு.”

“சரி” என்றார் அத்தான். அடுத்த பந்தைக் கோலின் நுனியால் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீங்க இங்கேயே இருங்க சார். இன்னும் நாலு இருக்கு.”